செஞ்சியில் ஒரே நாள்: எந்த மலையில் ஏறுவது, எதை விட்டுவிடுவது?

செஞ்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியின் அடிவாரத்துக்குப் போகிறார்கள். உச்சி வரை ஏறுகிறார்கள். இறங்கி வரும்போது முழங்கால் கெஞ்சுகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தெம்பில்லாமல் திருவண்ணாமலைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். கேட்டால் செஞ்சியைப் பார்த்தாயிற்று என்பார்கள்.

2025 ஜூலையில் மராத்தியர்களின் கோட்டைத் தொகுப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று செஞ்சி. அதற்குப் பிறகு "ஒரு நாள் இருக்கு, செஞ்சியில என்ன பார்க்கலாம்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முதன்முறை வருகிறவருக்கு ராஜகிரி உச்சி சரியான தேர்வு இல்லை என்பதே என் பதில். ஒரே நாளில் கிருஷ்ணகிரி மலை, ராஜகிரியின் கீழ்க்கோட்டை, சிங்கவரம் குடைவரைக் கோயில், திருநாதர்குன்று சமணப் பாறை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். இரண்டு நாள் இருந்தால் கணக்கு மாறும். கோட்டைப் போர்களைப் பற்றிப் படித்துவிட்டு, அதற்காகவே வருகிறவர்களுக்கும் மாறும்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், திண்டிவனத்துக்கு மேற்கே 28 கிலோமீட்டர் தூரத்தில் செஞ்சி. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையே கோட்டைக்குள் புகுந்து போகும். போகிற திசையில் இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. மூன்றாவது மலையான சந்திரகிரி தெற்கே தள்ளி நிற்கிறது. மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்து மதில் ஓடுகிறது, அதன் சுற்றளவு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். மூன்று மலையும் பாறைக் குவியல்கள். வீடு அளவு, லாரி அளவு உருண்டைக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். அந்தக் கற்களையே சுவராக வைத்துக்கொண்டு, இடைவெளிகளை மட்டும் அடைத்துக் கட்டிய கோட்டை இது. எங்கே பாறை முடிகிறது, எங்கே கட்டுமானம் தொடங்குகிறது என்று சில இடங்களில் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சந்திரகிரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கான பாதை கிடையாது, முள்ளும் புதரும்தான். மேலே இருப்பதும் இடிபாடுகளே. தனியாகப் போக வேண்டாம், முதல் தடவை போகவே வேண்டாம்.

ஆக, போட்டி ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில்தான்.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். எண்ணைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் ஒரு படியே முழங்கால் உயரம் வரும், சில இடங்களில் பாறையையே வெட்டிப் படியாக்கியிருப்பார்கள். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கோட்டைக்காக இல்லாமல் இந்த அம்மனுக்காகவே மலை ஏறுவார்கள். அதைத் தாண்டி மேலே போகப் போக வாசல் மேல் வாசலாக வரும். உச்சியை நெருங்கும் இடத்தில்தான் செஞ்சிக் கோட்டையின் மிகப் பெரிய தந்திரம் இருக்கிறது. மலை அங்கே சட்டென்று பிளந்து நிற்கிறது. பிளவின் அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். எதிரி ஐந்து வாசலை உடைத்து மேலே வந்தாலும், பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். பத்துப் பேர் இருந்தால் போதும், ஒரு படையையே நிறுத்திவிடலாம். பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தால், இந்தக் கோட்டையை நேரடியாகத் தாக்கிப் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது யாரும் விளக்காமலே புரியும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், கருவூலம், ஒரு பெரிய பீரங்கி. அப்புறம் காற்று. அவ்வளவு நேரம் வேர்த்து வந்தவனுக்கு அந்தக் காற்று போதும். கீழே ஏரியும் கழனியும் பாக்கமலைக் காடும் பரந்து கிடக்கும்.

இவ்வளவு இருந்தும் ராஜகிரி உச்சியை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஏறி, பார்த்து, இறங்கி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். பழக்கமில்லாதவர்களுக்கு இன்னும் கூட. அது முடிந்ததும் உடம்பு வேறு எதற்கும் இடம் கொடுக்காது. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி மேலே ஏற விடுவதும் இல்லை, அதனால் மற்றதைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறலாம் என்ற திட்டமும் நடக்காது. இன்னொரு காரணம் கண்ணுக்கு. செஞ்சியின் மிக அழகான காட்சி ராஜகிரி மலைதான். அதன் உச்சியில் நிற்கிறவருக்கு அது மட்டும் தெரியாது.

கிருஷ்ணகிரியிலிருந்து அது முழுசாகத் தெரியும். சாலைக்கு எதிர்ப்புறம் மலை எழுந்து நிற்பது, அதன் இடுப்பைச் சுற்றி மதில்கள் வளைந்து ஏறுவது, உச்சியில் கோயிலும் மணிக்கூண்டும் சின்னதாக நிற்பது, அடிவாரத்தில் கல்யாண மகால் கோபுரம் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கோட்டையின் வரைபடத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதைவிட இது தெளிவு.

கிருஷ்ணகிரி உயரம் குறைவு. ஊர்க்காரர்கள் ராணிக் கோட்டை என்பார்கள். பாதை செங்குத்துதான், ஆனால் படிகள் தொடர்ச்சியாக இருப்பதால் நடை சீராக வரும். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே போய் மேலேயிருந்து கை காட்டுவார்கள். உச்சியில் தானியக் களஞ்சியங்கள், எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைத்த தொட்டிகள், கோயில்கள், குவிமாடக் கூரையும் வளைவுகளுமாக ஒரு தர்பார் மண்டபம். அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான்கு பக்கமும் திறப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று. வளைவுகளுக்கு நடுவே ராஜகிரி சட்டம் போட்ட படம் போலத் தெரியும். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் கூட்டம் இங்கே இருக்காது. ஞாயிற்றுக்கிழமையில்கூட மேலே ஐந்தாறு பேருக்கு மேல் பார்ப்பது அரிது.

கதவு திறக்கிற நேரத்துக்கே போய் ஏறிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். இறங்கிச் சாலையைக் கடந்து ராஜகிரி கீழ்க்கோட்டைக்குள் போங்கள். ஏறாமல் சமதரையிலேயே பார்க்க இங்கே இருப்பதை நிறையப் பேர் சரியாகப் பார்ப்பதில்லை. போகும்போது அவசரம், வரும்போது களைப்பு.

கல்யாண மகால் ஒரு சதுர முற்றத்தின் நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து, மேலே கூம்பாக முடியும் கோபுரம். சுற்றிலும் வளைவு வைத்த அறைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு சின்ன அறை, அதைச் சுற்றித் தாழ்வாரம். வெளியே உள்ள நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்கள் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து இதன் மேல்நிலை வரை ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே யானைக் குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், பெரிய பெரிய களஞ்சியங்கள். களஞ்சியத்துக்குள் நுழைந்து பாருங்கள், வெளியே அனல் அடிக்கும்போதும் உள்ளே குளிர்ந்திருக்கும். சுவரின் கனம் அப்படி. குரல் கொடுத்தால் கூரை வளைவில் மோதித் திரும்பி வரும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

வேங்கடரமணர் கோயிலுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாயக்கர் காலக் கோயில். ராஜகோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடையும் காட்சியும் வரிசை வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனால் சில இடங்கள் வெறுமையாக இருக்கும். இங்கிருந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். அங்கே படம் எடுத்துக்கொள்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். புதுச்சேரி போகும் வழியில் செஞ்சிக்கு வருகிறீர்கள் என்றால், முதலில் இங்கே வெற்றிடத்தைப் பாருங்கள், பிறகு அங்கே தூண்களைப் பாருங்கள்.

கொஞ்ச தூரத்தில் சாதத்துல்லா கான் மசூதி. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் 1714-ல் செஞ்சியின் இளம் ராஜா தேசிங்கைப் போரில் வென்ற பிறகு எழுந்தது. தேசிங்கின் கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொந்த வீட்டுக் கதை. 22 வயது, ஓராண்டுகூட நிறையாத ஆட்சி, கப்பம் கட்ட மறுத்துச் சின்னப் படையோடு நவாபின் பெரிய படையை எதிர்த்துப் போய் மடிந்தவன். செட்டிக்குளத்தின் கரையில் அவனுக்குச் சிதை மூட்டியதாகவும், அவன் மனைவி உடன்கட்டை ஏறியதாகவும் சொல்வார்கள். ராணிப்பேட்டைக்கு அந்த ராணியால்தான் பெயர் வந்தது என்பது செவிவழிச் செய்தி. செட்டிக்குளம், சக்கரக்குளம் இரண்டுமே ராஜகிரி அடிவாரத்தில்தான் இருக்கின்றன. கோட்டையின் உயிரே இந்தக் குளங்கள். இத்தனை ஆயிரம் பேர், குதிரை, யானை எல்லாம் வருடக்கணக்கில் முற்றுகையில் தாக்குப்பிடித்தது சுவரின் பலத்தால் மட்டும் இல்லை.

முற்றுகை என்றதும், ராஜகிரி உச்சிக்குத்தான் போக வேண்டும் என்று யாருக்குச் சொல்வேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சி பல கை மாறிய கோட்டை. கோன் மரபினர் தொடங்கினார்கள். விஜயநகரத்து நாயக்கர்கள் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதியைக் கட்டினார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானிடம் போனது. 1677-ல் சிவாஜி பிடித்து மதில்களை வலுப்படுத்தினார். சிவாஜியின் மகன் சம்பாஜி 1689-ல் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த மகன் ராஜாராம் தப்பி வந்து தங்கியது இங்கேதான். மராத்திய அரசின் தலைநகரம் சில வருடங்கள் நம் செஞ்சியாக இருந்திருக்கிறது. அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய படை, சுல்பிகர் கான் தலைமையில் 1690 முதல் விட்டு விட்டு ஏறக்குறைய எட்டு வருடம் முற்றுகை போட்டது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, ஏற்கெனவே தப்பிவிட்டார். அப்புறம் 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். இந்த வரலாற்றில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால், அந்தப் பிளவையும் பாலத்தையும் பார்க்காமல் போனால் மனசு ஆறாது. அப்படிப்பட்டவர்கள் ஒரு முழுக் காலைப் பொழுதை ராஜகிரிக்கே கொடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரியைச் சாலையிலிருந்து பார்த்தாலே போதும். இரண்டு உச்சியையும் ஒரே நாளில் முடிக்க மலையேற்றப் பழக்கம் உள்ள இளைஞர்களால் முடியும். மற்றவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். மேலே எதுவும் கிடைக்காது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் கையைத்தான் முதலில் பார்க்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. ஆடம்பரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சோறு நன்றாக இருக்கும். பொன்னி அரிசி விளைகிற பூமி, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நெல் வரத்துக்குப் பேர் போனது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

மாலைக்கு என் தேர்வு சிங்கவரம். செஞ்சியிலிருந்து வடக்கே 5 கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோவில் போய், காத்திருக்கச் சொல்லி, அதே ஆட்டோவில் திரும்பலாம். வாடகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், திருநாதர்குன்றில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மதியத்தில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் மாலை நேரமே வசதி.

சிங்கவரத்தில் ஒரு சின்ன மலை, ஒரு அளவான படிக்கட்டு, மேலே பல்லவர் காலத்துக் குடைவரைக்குள் ரங்கநாதர். 24 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். கல்லைக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை இது. மலையைக் குடையும்போதே பெருமாளுக்கு வேண்டிய கல்லை மிச்சம் வைத்து, அந்தத் தாய்ப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கருவறை அகலம் கம்மி. அதனால் தலையிலிருந்து பாதம் வரை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது, நின்ற இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்த நீளம் உறைக்கிறது. அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிக் காட்டும்போது முகம் ஒரு பக்கம் திரும்பியிருப்பதைக் கவனியுங்கள். தேசிங்கின் குலதெய்வம் இவர். போருக்குப் போகும் முன் அவன் வந்து உத்தரவு கேட்டான், பெருமாள் வேண்டாம் என்றார், அவன் கேட்கவில்லை, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. காலையில் செட்டிக்குளத்தைப் பார்த்துவிட்டு மாலையில் இந்தக் கதையை இங்கே நின்று கேட்பது தனி அனுபவம். தாயார் சன்னதிப் பக்கம் பல்லவர் காலத்துக் கொற்றவைச் சிற்பம் ஒன்று உண்டு. கேட்டால் காட்டுவார்கள். கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

திருநாதர்குன்று சிங்கவரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறிவிப்புப் பலகையைத் தவறவிட்டால் இன்னொரு பாறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். மேலே ஏறுவது கொஞ்ச நேர வேலை. ஒரு பெரிய உருண்டைப் பாறை, அதன் முகத்தில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், வரிசைக்கு 12 பேர். எல்லோருக்கும் ஒரே அமர்வு, ஒரே அமைதி, தலைக்கு மேல் குடை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கல்கள் எடுப்பாகத் தெரியும், நண்பகலில் வந்தால் தட்டையாகத் தோன்றும். இன்னொரு பாறையில் பழைய வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்கிறது. ஏறக்குறைய 1,500 வருடத்துக்கு முந்தைய எழுத்து. அரசன் பெயர் இல்லை, வெற்றி இல்லை, தானம் இல்லை. ஒரு மனிதர், ஒரு எண்ணிக்கை, ஒரு நினைவிடம் அவ்வளவுதான். அடிவாரத்தில் அத்தனை மதிலும் பீரங்கியும் பார்த்துவிட்டு வருகிறவர்களை இந்தப் பாறை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை நான் கூட்டிப்போன ஒவ்வொருவரிடமும் பார்த்திருக்கிறேன். செஞ்சியில் எதை விட்டாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

வயதானவர்களோடு வருகிறீர்கள் என்றால் இரண்டு மலையையும் மறந்துவிடலாம். கீழ்க்கோட்டை, அப்புறம் சிங்கவரம், இவை போதும். சிங்கவரம் படியும் கஷ்டம் என்றால் மேல்சித்தாமூருக்குப் போங்கள். செஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயிலும், ஒரே பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர் ஆகியோரைச் செதுக்கியிருக்கும் மல்லிநாதர் கோயிலும் சமதரையிலேயே இருக்கின்றன. திருநாதர்குன்றில் பார்த்தது முடிந்துபோன கதை இல்லை என்பது இங்கே வந்தால் தெரியும். செஞ்சி, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் விவசாயம் பார்த்துக்கொண்டு வாழ்கின்றன. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கத்தை இன்றும் காப்பவர்கள் அவர்களில் உண்டு. சித்திரையில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு எல்லா ஊரிலிருந்தும் திரண்டு வருவார்கள்.

எந்த நாளில் போவது என்பது, எதைப் பார்ப்பது என்பதைப் போலவே முக்கியம். பௌர்ணமி வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சென்னைப் பக்கமிருந்து போகிற கூட்டம் பெரும்பாலும் இந்தச் சாலை வழியாகத்தான் போகும், பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. அமாவாசையும் வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அன்று இரவு ஊஞ்சல் உற்சவம், செஞ்சி பேருந்து நிலையமே அடைத்துக்கொள்ளும். அங்காளம்மனைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அமாவாசைதான் நாள், ஆனால் அன்றைக்குக் கோட்டையைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாறை சூடேறிவிட்டால் செருப்பு போட்ட காலே சுடும். கார்த்திகை மழை விட்ட பிறகு மாசி வரை நல்ல காலம். அப்போது குளங்களிலும் தண்ணீர் இருக்கும், மலைகளுக்கு நடுவே பச்சை இருக்கும்.

கிழமை உங்கள் கையில் இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அன்றுதான் செஞ்சி வாரச்சந்தை. ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கும் வாரங்களில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஆடு விற்பதாகப் பத்திரிகைகளில் ஒவ்வொரு வருடமும் செய்தி வரும். இருட்டோடு தொடங்கிவிடும். வெளிச்சம் நன்றாக வருவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். ஆதலால் முந்தைய இரவே செஞ்சியில் தங்கினால்தான் பார்க்க முடியும். ஊரில் சாதாரண விடுதிகள் இருக்கின்றன, ஓர் இரவுக்குத் தாராளமாகப் போதும்.

சந்தையில் ஓரமாக நின்று வியாபாரிகளின் கைகளைப் பாருங்கள். வாங்குகிறவர் முதலில் விலை கேட்பதில்லை. ஆட்டின் முதுகெலும்பு மேல் விரல்களை அழுத்தி ஓட்டுகிறார். இடுப்புப் பக்கம் பிடித்து லேசாகத் தூக்குகிறார். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். அதற்குள் கறி எவ்வளவு தேறும் என்று ஒரு கணக்கு மனசில் போட்டுவிடுகிறார், அப்புறம்தான் பேச்சு. விற்க வந்த அம்மா கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே விலையில் நிற்பார். வாங்குகிறவர் நான்கு அடி போய்த் திரும்பி வருவார். எட்டு மணிக்குள் சந்தை அடங்கிவிடும். டீயும் இட்லியும் முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் பார்ப்பது பழைய செஞ்சியை. சந்தையில் இருப்பது இன்றைய செஞ்சி. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற கட்டாயம் வந்தால் கோட்டைக்கே போகச் சொல்வேன். ஆனால் ஓர் இரவு தங்கினால் அந்தக் கட்டாயமே இல்லை.

சொந்தக் கார் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை மூன்றில் எதில் இறங்கினாலும் அங்கிருந்து பஸ் இருக்கிறது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்துகளில் திண்டிவனம் வழி போகிறவை செஞ்சியில் நிற்கும். ஊருக்குள் வந்த பிறகு ஆட்டோவே எல்லாவற்றுக்கும் போதும்.

இரண்டாவது நாள் இருந்தால் ராஜகிரியா, பல்லவர் குடைவரைகளா என்ற கேள்வி வரும். முதல் நாள் கிருஷ்ணகிரி ஏறிய கால்களுக்கு மறுநாளே ராஜகிரி கடினம். அதனால் விழுப்புரம் பக்கமாக ஒரு வண்டி பேசிக்கொண்டு மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை என்று ஒரு சுற்று போய்வருவதே நல்லது. மண்டகப்பட்டில் பார்க்க இருப்பது ஒரு பாறையில் குடைந்த சின்ன மண்டபமும் இரண்டு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர்களும்தான். ஆனால் அங்குள்ள கல்வெட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை அமைத்ததாகப் பெருமையோடு சொல்கிறான். தமிழ்நாட்டுக் கற்கோயில்களின் கதையில் முதல் பக்கம் அந்தப் பாறை. வரலாறு பிடித்தவர்களுக்கு அதுவே போதும். பிடிக்காதவர்களையும் பனமலை இழுத்துவிடும். ஏரியை ஒட்டிய குன்றின் மேல் பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், அங்கே ஒரு சின்னச் சன்னதியின் சுவரில் குடைக்குக் கீழே ஒசிந்து நிற்கும் பார்வதியின் ஓவியம். ஏறக்குறைய 1,300 வருடத்து வண்ணம் இன்னும் மிச்சம் இருக்கிறது. நேரம் குறைந்தால் தளவானூரை விட்டுவிடுங்கள். பனமலையில் பூட்டியிருந்தால், திறக்கிறவரைக் கீழே ஊருக்குள் விசாரித்துக் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். சன்னதிக்குள் வெளிச்சம் குறைவு, கைப்பேசி வெளிச்சத்தை நேராக ஓவியத்தின் மேல் அடிக்காமல் கொஞ்சம் தள்ளிச் சுவரில் காட்டினாலே முகம் நன்றாகத் தெரியும்.